மயக்கம் தெளிய ஒரு சோடா

மாம்பலம்,
4-2-1946, திங்கள்

அடி ஹமீதா,

மூன்று வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவள் இன்றைக்கு உறையே ஒட்டி அனுப்புகிறாளே, என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று நினைப்பாய். காரியம்தான். நேற்று ராத்திரி ஏழரை மணிக்கு ரேடியோவில் என் நாடகம் வந்தது. உங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ரேடியோ இருக்கிறது என்று நம்மோடு படித்த பங்கஜம் சொன்னாள். கேட்டாயா, இல்லையா?

கேட்கவில்லையென்றால் கதையைச் சொல்கிறேன். ரகு என்கிற பையன், அப்பாவின் மில் முழுகிப்போன தந்தியைப் படித்து மூர்ச்சையாகி விழுகிறான். டாக்டர் ஓடி வருகிறார். கூடவே செல்லம்மா என்று ஒரு நர்ஸ். அந்தச் செல்லம்மா நீதான். உன் குரல், உன் அதட்டல், எல்லாம் நினைவு வைத்துக்கொண்டு எழுதினேன்.

அதில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. மைக்குக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். முறத்தில் அரிசியை உருட்டினால் மழை. தகரத்தை ஆட்டினால் இடி. மயக்கம் தெளிவதற்கு என்ன சத்தம் சொல்லு? நாடி பார்த்தால் சத்தமில்லை, ஊசி குத்தினால் சத்தமில்லை. நாடகம் நடத்தும் சண்முகசுந்தரம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன், சோடா என்று. மைக்குக்கு முன்னால் நிஜமாகவே கோலி சோடாவை உடைத்தோம். கோலி உள்ளே விழுகிற சத்தம், நுரை பொங்குகிற சத்தம், ரகு கடகடவென்று குடிக்கிற சத்தம். அப்புறம் அவன், "நான் எங்கே இருக்கிறேன்?" என்கிறான். ஒத்திகையிலேயே நாலு பாட்டில் தீர்ந்துபோயிற்று.

இன்று காலையில் என் மாமியார், "சோடா ரொம்ப நன்னா இருந்துதுடி" என்றார். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நீ ஆஸ்பத்திரிக்காரி. உன் அபிப்பிராயம்தான் எனக்கு வேண்டும். தாட்சண்யம் பார்க்காமல் எழுது.

உன்
கோமு


நர்ஸ் குவார்ட்டர்ஸ்,
8-2-1946

கோமளம்,

தாட்சண்யம் பார்க்காதே என்று எழுதியிருக்கிறாய். பார்க்கவில்லை.

நாடகத்தைக் கேட்டேன். எங்கள் கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டோம், பன்னிரண்டு பேரும் சிரித்தோம். தந்தி வந்து ஒரு நிமிஷத்துக்குள் டாக்டர் வந்துவிடுகிறார். இந்த ஊரில் அப்படி ஒரு டாக்டர் இருந்தால் விலாசம் அனுப்பு. நெஞ்சில் குழாயை வைக்கவில்லை, கண்ணிமையைத் தூக்கிப் பார்க்கவில்லை, எடுத்த எடுப்பில் "இருதயம் பலவீனம்" என்கிறார். உன் செல்லம்மா "ஐயோ டாக்டர்!" என்று அலறுகிறாள். நான் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன், ஒருநாளும் அலறியதில்லை. அலறினால் மேட்ரன் சீட்டைக் கிழித்துவிடுவாள். மூர்ச்சை போட்டவன் எழுந்த கையோடு ஒரு பாட்டும் பாடுகிறான்.

இதெல்லாம் போகட்டும். நாடகமென்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் நினைவில்லாதவன் வாயில் எதையுமே ஊற்றக் கூடாது, கோமளம். அவனால் விழுங்க முடியாது. ஊற்றியது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய் வழியாக நேரே நெஞ்சுக்குப் போகும். எங்களுக்கு முதல் வருஷத்தில் முதல் பாடம் அது.

இத்தனை கோபம் எதற்கு என்று கேட்பாய். உன் நாடகம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கச்சேரி ரோட்டில் எங்கள் பைண்டிங் கடையில், வாப்பா காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பக்கவாதம். ஷரீஃப் அண்ணன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்க் கடையிலிருந்து சோடா வாங்கி வரச்சொல்லி வாயில் ஊற்றியிருக்கிறார். முழுப் பாட்டிலும். கடைக்கு எதிரே இருக்கிற ஹோட்டலில் ரேடியோ இருக்கிறது. அந்தத் தெருவே உன் நாடகத்தைக் கேட்டிருக்கிறது.

இப்போது வாப்பா என் வார்டில் இருக்கிறார். புதன்கிழமையே ஜுரம் வந்துவிட்டது. நெஞ்சில் சளி கொரகொரவென்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பெனிசிலின் போடுகிறோம். அண்ணன் வெராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுவதில்லை. என்னைப் பார்த்தால், "நான் ஊத்துனதாலயா ஹமீதா?" என்று கேட்கிறார். நான் ஜுரம் பார்க்க உள்ளே போய்விடுகிறேன்.

ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். எந்த டாக்டரைக் கேட்டு அந்தக் காட்சியை எழுதினாய்? ஒரு பெயர் சொல். "டாக்டரே சொன்னதைத்தான் நீயும் செய்தாய்" என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

இங்கே வராதே.

ஹமீதுன்னிசா


மாம்பலம்,
10-2-1946

ஹமீதா,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் வைத்த பருப்பை மறந்துவிட்டேன். இவர் வந்து, "ஆம் முழுக்கப் புகையா இருக்கே, என்னடி ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

வராதே என்று எழுதியிருந்தாய். வந்தேன். பார்வையாளர் நேரத்தில் வெராந்தா முனை வரைக்கும் வந்தேன். உன் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் பசைக் கறை இருந்தது, செவ்வாய்க்கிழமையிலிருந்து மாற்றவே இல்லை போலிருக்கிறது. அவரிடம் என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? நாடகம் எழுதினவள் நான்தான் என்றா? திரும்பிவிட்டேன்.

டாக்டர் பெயர் கேட்கிறாய். எந்த டாக்டரையும் நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. ஏனென்றால், ஹமீதா, அது கற்பனை இல்லையே! நீயே செய்ததுதானே! ஐந்தாம் பாரத்தில் ஜியாமெட்ரி பரீட்சையன்று நான் பெஞ்சிலிருந்து விழுந்தேன். நீ துப்பட்டிகூடப் போட்டுக்கொள்ளாமல் கேட்டைத் தாண்டி ஓடி, சோடா வாங்கி வந்து என் வாயில் ஊற்றினாய். நான் கண்ணைத் திறந்தேன். பள்ளிக்கூடமே பார்த்தது. என் மனதில் மயக்கம் என்றால் சோடா, சோடா என்றால் நீ. அதைத்தான் எழுதினேன்.

இதைச் சொன்னால் குற்றத்தை உன் தலையில் கட்டுகிறேன் என்று நினைப்பாய். அப்படி இல்லை. அப்படித்தானோ என்னவோ. நேற்றிலிருந்து எனக்கு எது எப்படி என்றே புரியவில்லை. ஒரு பாட்டில் சோடா எனக்கு உயிர் கொடுத்தது, அதே சோடா உன் வாப்பாவை இப்படி ஆக்கிவிட்டது என்றால், எதை நம்புவது?

பெருமாள் கோயிலில் உன் வாப்பா பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பட்டர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுது.

கோமு


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
18-2-1946

கோமளம்,

வாப்பா புதன்கிழமை விடியற்காலையில் காலமாகிவிட்டார். ஒன்பது நாள் இருந்தார். அதில் ஒருநாள், சனிக்கிழமை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நாக்கு புரளவில்லை. வியாழக்கிழமை வருகிற பைண்டிங் ஆர்டரைப் பற்றித்தான் கேட்டிருப்பார் என்று அண்ணனிடம் சொன்னேன். நிஜத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ அர்ச்சனை செய்ததைச் சொன்னேன். அந்த நிலையிலும் அண்ணன் மனைவி நஸ்ருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுதாள்.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வீட்டில் இருக்கிறேன். அண்ணன் கடையைத் திறக்கவில்லை. தட்டில் சோற்றை வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கை போவதில்லை. பெரிய டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன், சோடாதான் காரணமா என்று. அவர் நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர். "சொல்ல முடியாதம்மா. வாதமே கடுமையான வாதம். எச்சிலே நெஞ்சுக்குள் போயிருக்கும். சோடாவும் போயிருக்கும். எது எவ்வளவு என்று யார் கண்டது?" என்றார். இதை அண்ணனிடம் போய் எப்படிச் சொல்வது? பாதி கொலைகாரன் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

உன் கடிதத்தை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை படித்தேனோ. நீ சொன்னது சரிதான். சோடா ஊற்றியவள் நான்தான். வாப்பா அந்தக் கதையைப் பத்து வருஷமாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். வயசுக்கு வந்த பெண் துப்பட்டியில்லாமல் தெருவில் ஓடினாள் என்று வீட்டில் பெரிய ரகளை, படிப்பை நிறுத்து என்றார்கள். அண்ணன்தான் முதலில் நிறுத்தச் சொன்னவர். வாப்பா விசாரித்துவிட்டு, "ஒரு உசிரைக் காப்பாத்தின பொண்ணை மூலையில உக்கார வைக்கிறதா? இவ நர்ஸுக்குப் படிக்கட்டும்" என்றார். அந்த ஒரு பாட்டில் சோடாவில்தான் நான் நர்ஸ் ஆனேன்.

நர்ஸ் ஆனபிறகு அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கிறேன். நினைவில்லாதவள் விழுங்க முடியாது. நீ விழுங்கினாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உன் தொண்டை ஏறி இறங்கியது. புரையேறவில்லை. முக்கால் பாட்டில் உள்ளே போயிற்று. அது எப்படி?

என் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. உன்னிடம்தான் இருக்கவேண்டும். மறைக்காமல் எழுது.

ஹமீதா


மாம்பலம்,
21-2-1946

ஹமீதா,

உன் வாப்பாவுக்காக அழுதேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் மயங்கவில்லை.

ஜியாமெட்ரியில் ஒரு எழுத்துகூடப் படித்திருக்கவில்லை. இந்தத் தடவையும் தோற்றால் பள்ளிக்கூடம் கிடையாது, நேரே கல்யாணம்தான் என்று என் அப்பா ராமானுஜம் சொல்லிவிட்டிருந்தார். கேள்வித்தாளைப் பார்த்தேன். விழுந்தேன். டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள், ஆத்துக்கு அனுப்பிவிடுவாள், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். நீ சோடாவோடு வருவாய் என்று கண்டேனா? வாயில் ஊற்றினாய். தாகமாகவும் இருந்தது. குடித்துவிட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் நீ கோவென்று அழுதுகொண்டிருந்தாய். "கோமு பொழைச்சுட்டா" என்று டீச்சரைக் கட்டிக்கொண்டாய். அந்த அழுகைக்கு எதிரில் எப்படிச் சொல்வேன்? மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் உன் வாப்பாவே எங்கள் ஆத்து வாசலுக்கு வந்து நின்று, "பொண்ணு எப்படி இருக்கு சாமி?" என்று அப்பாவிடம் விசாரித்தார். அந்த வாரமே உன்னை மேலே படிக்க வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தால் உன் படிப்பு போய்விடும். இது ஒரு சாக்கு என்று நீ சொல்லலாம். பாதி சாக்குதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. வருஷம் ஆக ஆக எனக்கே அது நிஜமாகிவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் இவரிடம், ஒரு தரம் செத்துப் பிழைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். நாடகம் எழுதும்போது, நடந்ததை எழுதுகிறோம் என்ற தைரியத்தில்தான் எழுதினேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான், என் தொண்டை எப்படி விழுங்கியது என்ற கேள்வி எனக்கே வந்தது.

மார்ச் பத்தாம் தேதி அந்த நாடகத்தைத் திரும்ப நடிக்கிறார்கள். சண்முகசுந்தரத்திடம் போய்ச் சோடாவை எடுக்கச் சொன்னேன். "சோடாவுக்காகத்தான் ஜனங்கள் மறுபடி கேட்கிறார்கள், அம்மா" என்றார். எடுக்காவிட்டால் நாடகத்தையே தரமாட்டேன் என்றேன். அந்த இடத்தில் டாக்டர், "ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, காத்திருப்போம்" என்று சொல்வார். அப்புறம் பத்து விநாடி ஒரு சத்தமும் இருக்காது. "ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இது உனக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. தெரியும்.

உன் அண்ணனிடம் நான் வந்து என்ன சொல்லவேண்டுமோ சொல்கிறேன். நாடகத்தால்தான் என்று சொல்லவா? பொய் மயக்கத்தால்தான் என்று சொல்லவா? நீ எதைச் சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன்.

கோமு


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
17-3-1946

கோமு,

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் தபால்காரர் கை சுட்டுவிடும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஒரு வாரம் வார்டில் யாரைத் தொட்டாலும், இந்தக் கை பொய்யால் வந்த கை என்று தோன்றியது. அப்புறம் என்னைப் பிரசவ வார்டுக்கு அனுப்பினார்கள், இரண்டு நாள் மூச்சுவிட நேரமில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன்.

பத்தாம் தேதி நாடகம் கேட்டேன். அந்தப் பத்து விநாடி வந்தபோது எங்கள் கூடத்தில் ஒருத்தி எழுந்துபோய் ரேடியோவின் தலையில் தட்டினாள். நான், "சும்மா இரு, அவன் மூச்சுவிடுகிறான்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனிடம் கடைசியில் பேசினேன். உன் நாடகத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நீயே போடச் சொல்லிவிட்டாயே. "அந்த ரேடியோ டிராமாவக் கேட்டுட்டுத்தானே ஊத்துனீங்க? அது எழுதினவங்க தப்புண்ணே" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா டிராமா? நான் எங்க டிராமா கேட்டேன்? ஞாயித்துக்கெழம நான் செங்கல்பட்டுக்குப் பூட்டேனே" என்றார். "வாப்பாதான் சொல்லிக்கினே இருப்பாரே, நீ அந்த ஐயங்கார் வூட்டுப் பொண்ணுக்கு சோடா ஊத்திப் பொழைக்க வெச்சேன்னு. வாப்பா சாஞ்சவொடனே எனக்கு நீதான் நெனப்புல வந்தே. நீ இருந்தா இன்னா பண்ணுவியோ, அத்தப் பண்ணேன்" என்றார்.

கோமு, அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும்? அவள் மயங்கவே இல்லை, நான் ஊற்றியது வெறும் தாகத்துக்கு, வாப்பா பத்து வருஷம் சொன்னது ஒரு பொய்க்கதை, அதை நம்பித்தான் நீங்கள் அவரைக் கொன்றீர்கள் என்று சொல்லவா? 

"பெரிய டாக்டர் சொல்லிட்டார்ண்ணே. வாப்பா கீழே விழறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சாம். சோடா ஊத்தினாலும் ஒம்பது நாள்தான், ஊத்தாட்டியும் ஒம்பது நாள்தான்" என்றேன். சத்தியம்கூடச் செய்தேன். உன் நாடகத்து டாக்டர்கூட அவ்வளவு துணிச்சலாகப் பேசவில்லை. பதினோரு நர்ஸுகளோடு உட்கார்ந்து சிரித்தவள்தான் நான்.

"அப்போ சோடாவால இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நஸ்ருன்னிசாவைக் கூப்பிட்டுச் சோறு கேட்டார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கடையைத் திறந்துவிட்டார்.

நான் சொன்னது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாது. தெரியாது என்பதை மட்டும் மறைத்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. கேட்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துநாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறோம். உன்னை அழைக்கவேண்டும் என்று அண்ணனே சொல்கிறார். வாப்பாவைத் தெரிந்த எல்லாரும் வருவார்கள். "அந்தப் பொண்ணு வந்து அன்னிக்கி நடந்தத அது வாயாலயே சொல்லட்டும், வாப்பாவுக்கு அதான் பெரிய பெருமை" என்கிறார். நீ சொன்னால், கேட்கிறவர்களில் ஒருவர் நாளைக்கு யார் வாயிலாவது சோடாவை ஊற்றுவார். சொல்லாமல் போனாலும், உள்ளதைச் சொன்னாலும், அண்ணன் மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒருவருக்கும் கெடுதல் வராமல் அதைச் சொல்கிற வழி எனக்குத் தெரியவில்லை. நீ கதை எழுதுகிறவள், உனக்குத் தெரிந்தால் வா.

தெரியாவிட்டாலும் வா.

ஹமீதா